நடு ஆடிய சீம்பால்

வேலுச்சாமி பெண்டாட்டி ராஜாத்தி, மாமியார் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து ஒரு கிண்ணம் சீம்பாலைத் திருடித் தின்று, வயிற்றுப் பிள்ளையையும் சேர்த்து விழுங்கிவிட்டாள் என்று ஊரில் பேச்சு. குச்சனூர்ப் பாதையில் இருக்கிற சின்ன ஊர்தான். ஆனால் பேச்சுக்கு அங்கே பெரிய வயல். மாவு மில்லில் முளைத்தபோது அது ஒரு கிண்ணம். வாய்க்கால் கரைக்குத் துணியோடு போனதும் குண்டானாயிற்று. சின்னமனூர்ச் சந்தை வரை போய்த் திரும்பியபோது, ராஜாத்தி தொழுவத்தில் மண்டிபோட்டுக் கறவையின் காம்பிலேயே வாய் வைத்தாள் என்று கண்ணால் பார்த்தவர்கள்கூட இருந்தார்கள்.

கண்ணால் பார்த்தவர்கள் இவ்வளவு பேர் இருக்கும்போது விசாரிக்க என்ன இருக்கிறது என்று ஊர் விட்டுவிட்டது. விசாரித்தால் முதலில் தட்டுப்படுவது இதுதான்: ராஜாத்தி திருடவில்லை. அந்தச் சீம்பாலை அவளுக்கு ஊட்டிவிட்டதே அவளுடைய மாமியார் மலையம்மாள்தான்.

அப்போது ராஜாத்திக்கு ஏழாம் மாதம். பால் சொசைட்டித் தலைவர் ராக்கப்பன் வீட்டு மாடு ஈன்றிருந்தது. அவர் மனைவி மொக்கம்மாள் வீட்டுக்கு வீடு சீம்பால் கொடுத்தனுப்பினாள். மொக்கம்மாளின் சீம்பால் என்றால் அந்தச் சுற்று வட்டாரத்தில் பேர்பெற்றது. மற்றவர்கள் கருப்பட்டியும் ஏலக்காயும் போட்டு இட்லிக் கொப்பரையில் வைத்து வேகவிடுவார்கள். அது கத்தி வைத்து அறுக்கிற பதத்தில் வரும். மொக்கம்மாள் அப்படியில்லை. வெந்நீர் அண்டாவின் வாயில் கிண்ணத்தை உட்காரவைப்பாள். ஓரம் இறுகி, நடு இன்னும் ஆடிக்கொண்டிருக்கும்போதே இறக்கிவிடுவாள். "நடு ஆடணும்டி, அதுதான் சீம்பாலு. ஒங்க வீட்டுல வைக்கிறது செருப்புத் தோலு" என்பாள். நாக்கில் வைத்தால் கரைந்துபோகும். எல்லாரும் புகழ்ந்தார்கள். அந்த ஆட்டத்தின் மேல் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

மலையம்மாள் கிண்ணத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு வந்து, மருமகளை அடுப்பங்கரை மூலையில் உட்காரவைத்து, தன் விரலாலேயே வழித்து ஊட்டினாள்.

"தின்னுடி ஆத்தா. மசக்கையில கேட்டதக் குடுக்காட்டி புள்ளைக்குக் காதுல சீழ் வடியும். ஒம் புருசன்கிட்டச் சொல்லாத, அவனுக்கு வைக்கல."

பத்து நாள் போயிருக்கும். ராஜாத்திக்குக் காய்ச்சல் வந்தது, போனது, சாயங்காலமானால் திரும்ப வந்தது. இடுப்பும் முழங்காலும் அடித்துப்போட்ட மாதிரி கிடந்தன. ஒரு நாள் வலி எடுத்தது. மாட்டு வண்டி உத்தமபாளையம் ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆண் பிள்ளை.

துக்கம் கேட்க ஊர் வந்தது. வந்த ஊர் திரும்பிப் போகும்போது எடுத்துக்கொண்டு போனதுதான் திருட்டுக் கதை. ராஜாத்தி அதைக் கேட்டாள். வாயைத் திறக்கவில்லை.

இத்தனைக்கும் அவள் வாய் திறக்காத பிறவி அல்ல. பொட்டிப்புரத்துக்காரி. மலைமாடு வளர்த்த வீட்டில் பிறந்து, மாடு ஈனுகிற வேளையில் அப்பனுக்கு விளக்குப் பிடித்து வளர்ந்தவள். ஒரு தடவை நிறுத்தத்தில் நிற்காமல் போன பஸ்ஸை அடுத்த திருப்பத்தில் மறித்து, கண்டக்டரை ஏசிய ஏச்சில், பின்னால் எடுத்து வந்து அங்கே நின்ற கிழவியை ஏற்றிக்கொண்டு போகவைத்தவள். அப்படிப்பட்டவள் பிள்ளை போனபின் உதட்டைத் தைத்துக்கொண்டாள். மொக்கம்மாள்தான் தன் சீம்பாலின் பேரைக் காப்பாற்ற இந்தத் திருட்டுக் கதையைக் கட்டிவிட்டாள் என்று நினைத்தாள். மாமியார் உண்மையை எடுத்துச் சொல்லுவாள் என்று காத்திருந்தாள். மாமியார் சொல்லவில்லை. பயந்திருப்பாள் என்று அதற்கும் ஒரு சமாதானம் செய்துகொண்டாள்.

நெருக்கடி நிலைக் காலத்தில் அவள் மறுபடியும் முழுகாமல் இருந்தாள். இந்த முறை மலையம்மாள் மருமகளின் வாய்க்குக் காவல் உட்கார்ந்துவிட்டாள். பப்பாளி சூடு, எள் சூடு, முட்டை சூடு, கருப்பட்டி சூடு. தயிர் குளிர்ச்சி, பூசணி குளிர்ச்சி, வாழைப்பழம் சளி. கீரை வயிற்றைக் கலக்கும், கத்திரிக்காய் அரிக்கும், மீன் ஆகவே ஆகாது. பால் என்ற சொல்லே வீட்டில் பேசப்படக் கூடாது. மிச்சம் இருந்தது கஞ்சியும் பூண்டு ரசமும். ஐந்தாம் மாதத்தில் ராஜாத்தி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைக்கும்போது கண் இருட்டிக் கீழே உட்கார்ந்தாள். வயிற்றுக்குள் இருப்பது அசைவதே தெரியவில்லை. ஒன்றைத் தின்று போக்கிய பழி அவள் தலையில் இருந்தது. இன்னொன்று தின்னாமல் போய்விடுமோ என்று அவள் உயிர் கிடந்து துடித்தது.

அந்த வாரம் நர்ஸ் ஜெபராணி வந்தாள். போடி பஜாரில் அப்பாவுக்குக் கடை; இவள் படித்துவிட்டு அரசாங்க வேலையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஊர் ஊராய் அலைந்தாள். அந்தக் காலத்தில் அவளைக் கண்டாலே ஊர் ஆண்கள் வரப்பு மாறிப் போவார்கள். குடும்பக் கட்டுப்பாட்டு முகாமுக்கு ஆள் சேர்க்காவிட்டால் அவளுக்குச் சம்பளம் இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஜெபராணி ராஜாத்தியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். "ஏம்மா, சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு. என்னதான் சாப்புடுற?"

"கேட்டுத்தான் சொல்லணும்."

"யாருகிட்ட?"

"எங்க அத்தைகிட்ட. வாயி எனக்கு, காவல் அவுகளுக்கு."

மலையம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். "நர்சம்மா, போன தடவ சீம்பாலத் தின்னுதான எல்லாம் போச்சு. அது அம்புட்டும் சூடு. பாலுன்னாலே எனக்குக் கொல நடுங்குது."

"சீம்பால் சூடுன்னு யாரு சொன்னா? அன்னைக்குச் சூடு பத்தாமப் போயிருக்கும், அதுதான் தப்பு. நல்லாச் சூடு ஏறியிருந்தா ஒண்ணும் வந்திருக்காது."

மலையம்மாள் கன்னத்தில் கை வைத்தாள். அந்த ஊரில் சூடு இரண்டு. ஒன்று அடுப்பில் இருப்பது. அது கையைத்தான் சுடும். மற்றது பண்டத்துக்குள்ளே குடியிருப்பது. ஐஸில் வைத்த பப்பாளியிலும் அது இருக்கும், பிள்ளையைக் கலைக்கும். ஜெபராணி சொன்னது அடுப்புச் சூட்டை. மலையம்மாள் காதில் விழுந்தது வயிற்றுச் சூடு. அன்று பொழுது சாய்வதற்குள், அரசாங்க நர்ஸ் பிள்ளைத்தாச்சிக்குச் சூட்டைக் கூட்டச் சொல்கிறாள், முகாமுக்கு ஆள் கிடைக்காமல் வயிற்றிலேயே கை வைக்கிறாள் என்று ஊர் முழுக்கப் போய்விட்டது. அடுத்த வாரம் ஜெபராணி சைக்கிள் மணி அடித்தபோது தெருவில் கதவு கதவாகச் சாத்திக்கொண்டது.

ராஜாத்தி மட்டும் சாத்தவில்லை. வாசலிலேயே நின்றாள். "நர்சம்மா, அன்னைக்கு என்ன சொன்னீக? சும்மா மேலுக்குச் சொல்லாம வெவரமாச் சொல்லுங்க."

கதவுகளைப் பார்த்து ஜெபராணிக்கு முகம் சிவந்திருந்தது. "வெவரமா? கேட்டுக்க. நாள் நெறையாமக் கன்னு வீசுன மாட்டுப் பால்ல ஒரு நோவு இருக்கும். அந்தப் பாலப் பச்சையாக் குடிச்சாலோ, அரைவேக்காடாச் சீம்பால் வச்சாலோ மனுசருக்கும் ஒட்டும். விட்டு விட்டுக் காய்ச்சல் அடிக்கும், மூட்டு வலிக்கும், வயித்துல இருந்தா அதுக்கும் ஆபத்து. கொதிக்கக் கொதிக்கக் காச்சுனா அது செத்துரும். ஒனக்கு அன்னைக்கு அதுதான் வந்துச்சான்னு நான் சத்தியம் பண்ண முடியாது. ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பியிருந்தாத் தெரிஞ்சிருக்கும். யாரு அனுப்புனா? அந்த மாடு ஒழுங்கா ஈனுச்சா?"

"ஈனுச்சுன்னுதான் சொன்னாக. மாடு போட்ட இளங்கொடிய வைக்கல்ல சுத்தி ஆலமரத்துல கட்டியிருந்துச்சு. ஊரே பாத்துச்சு."

"கொடியப் பாத்தாக. கன்னுக்குட்டிய யாரு பாத்தா?"

ராஜாத்தி யோசித்தாள். யாரும் பார்க்கவில்லை. பிறந்த அன்றே செத்துப்போயிற்று என்றுதான் கேள்வி. ஒன்றரை வருடமாக அவளுக்குள் புகைந்து கிடந்த ஏதோ ஒன்று பற்றிக்கொண்டது.

பரணில் மொக்கம்மாளின் வெண்கலக் கிண்ணம் அப்படியே கிடந்தது. சாவு வீட்டில் அதை நினைக்க ஆளில்லை. அந்தப் பக்கத்து முறை இது: சீம்பால் வந்த கிண்ணத்தைக் கழுவித் தரக் கூடாது, வெறுமையாகவும் தரக் கூடாது. தந்தால் கொடுத்த வீட்டு மாடு வற்றிப்போகும். தன் வீட்டு மாடு ஈனும்போது அதே கிண்ணத்தில் சீம்பால் வைத்துத்தான் தர வேண்டும். ராஜாத்தி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ராக்கப்பன் வீட்டுக்கு நடந்தாள்.

ராக்கப்பன் உச்சி வெயிலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் கிடந்தார். வீடெல்லாம் நல்லெண்ணெய் வாடை. ஒரு வருடத்துக்கு மேலாக அவருக்கும் காய்ச்சல். வரும், போகும், சாயங்காலம் திரும்ப வரும். முழங்கால் மடங்காது. ஏழரைச் சனி என்று ஜோசியர் சொன்னதில், வாரம் தவறாமல் வண்டி கட்டிக் குச்சனூர் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் விளக்கு ஏற்றிவந்தார். சொசைட்டிக் கூட்டங்களையும் சனிக்கிழமையில் வைப்பதில்லை.

"யாரு, வேலுச்சாமி பொண்டாட்டியா? வாடி" என்றாள் மொக்கம்மாள். கண் நேராகக் கிண்ணத்துக்குப் போயிற்று. "இப்பவாச்சும் ஞாபகம் வந்துச்சே. என் பேரு வெட்டுன கிண்ணம் அது."

"இருக்கட்டும் பெரியத்த. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று ராஜாத்தி பின்கட்டு வழியாகத் தொழுவத்துக்குள் நுழைந்தாள்.

அவள் தேடி வந்தது விட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. கன்று செத்தால் தோலை உரித்து, வைக்கோல் அடைத்துத் தோல்கன்று செய்வார்கள். அதைக் காட்டினால்தான் மாடு பாலை இறக்கும். மாட்டை விற்றபின்னும் அதைக் கழற்ற யாரும் மெனக்கெடவில்லை. ராஜாத்தி கையை உயர்த்தித் தடவினாள். முழங்கை நீளம்கூட இல்லை. காது அரச இலை அளவு. முதுகிலும் வயிற்றிலும் ரோமமே இல்லை. மொழுமொழுவென்று, காய்ந்த பலாக்கொட்டைத் தோல் மாதிரி இருந்தது. விளக்குப் பிடித்து வளர்ந்தவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாள் நிறைந்த கன்று ரோமத்தோடுதான் விழும்.

அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு முன்கட்டுக்கு வந்து, கட்டிலின் கால்மாட்டில் போட்டாள்.

"பெரியத்த, இது எத்தனாம் மாசத்துக் கன்னு?"

மொக்கம்மாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "பெறந்து செத்த கன்னுடி."

"பெறந்த கன்னுக்கு மயிரு எங்க?"

"எலி தின்னுருச்சு."

"எலி மயிரத் தின்னுச்சு, சரி. காதையும் தேச்சுச் சின்னதாக்கிட்டுப் போச்சா?"

கம்பளிக்குள்ளிருந்து ராக்கப்பன் சீறினார். "ஏய்! யாரு வீட்டுல வந்து என்ன பேசுற? கன்னு வீசுன மாடுன்னு சொன்னா தேனிச் சந்தையில எவன் கைவைப்பான்?"

சொல்லி முடித்ததும்தான் சொன்னது என்ன என்று அவருக்கே கேட்டது. கம்பளியை மூக்கு வரை இழுத்துக்கொண்டார்.

"ஓ" என்றாள் ராஜாத்தி. "அப்ப சீம்பாலு பாசத்துல வரல. மாடு நல்லா ஈனுச்சுன்னு தண்டோராப் போட வந்திருக்கு. ஆலமரத்துல கொடிய ஏத்துனீக, எங்க வாயில சீம்பால ஊத்துனீக. சந்தைக்காரன் விசாரிச்சா ஊரே சாட்சி சொல்லும். நல்ல ரோசனை மாமா. அதுக்கு என் வயிறா கெடச்சுச்சு?"

"எல்லாருந்தான்டி தின்னாக. நாங்க தின்னலயா? ஒனக்கு மட்டும் என்ன?" என்றாள் மொக்கம்மாள்.

"தின்னீகள்ல? அதான் ஒங்க வீட்டுக்காரரு உச்சி வெயில்ல கம்பளி போத்திக் கெடக்காரு. எனக்கும் இதே காச்சல்தான் வந்துச்சு, இதே முட்டிதான் வலிச்சுச்சு. ஆம்பளைக்கு வந்தா சனி புடிச்சிருக்கு, வெளக்குப் போடணும். பொம்பளைக்கு வந்தா நாக்கு நீளம், ஊரு பூரா ஏசணும். அந்தச் சனியாச்சும் ஏழர வருசத்துல விட்டுட்டுப் போகும். என்னய நீங்க எப்ப விடுவீக?"

ராக்கப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"மாட்ட மறைச்சீக, அது யாவாரம். நான் திருடித் தின்னேன்னு எதுக்குக் கதை கட்டுனீக?"

இந்த இடத்தில் மொக்கம்மாளுக்கு நிஜமாகவே கோபம் வந்தது. "நானா? ஆத்தா மேல சத்தியமா நான் சொல்லல. துக்கம் கேக்க வந்தப்ப என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு, 'எனக்குத் தெரியாமத் திருடித் தின்னுட்டாக்கா'ன்னு அழுதது ஒன் மாமியா. போயி அங்கன கேளு!"

கதை கிளம்பிய முதல் வாய் யாருடையது என்று ராஜாத்திக்குக் கடைசியில் தெரிந்துவிட்டது. அடுப்பங்கரை மூலையில் விரலால் வழித்து ஊட்டிய அதே ஆள். கிண்ணத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு திரும்பினாள்.

"ஏண்டி, கிண்ணத்தக் குடுத்துட்டுப் போ!"

"வெறுங்கிண்ணத்தக் குடுக்கலாமா பெரியத்த? ஒங்க மாடு வத்திப்போகும்ல."

வீட்டுக்கு வந்தவள் உள்ளே போகவில்லை. இரும்பு அடுப்பைத் தூக்கி வாசலில் வைத்தாள். வழியில் வாங்கிவந்த பாலைத் தெரு பார்க்கச் சட்டியில் ஊற்றி, விறகை மூட்டினாள். மலையம்மாள் ஓடிவந்தாள்.

"அடியே, என்ன காரியம் பண்ற? புள்ளத்தாச்சி பாலத் தொடலாமா?"

"காச்சுறேன் அத்த. பொங்கப் பொங்கக் காச்சிக் குடிப்பேன். முட்டையும் அவிச்சுத் திம்பேன், கீரையும் கடைஞ்சு திம்பேன். ஒளிஞ்சு தின்னாத்தான திருட்டு? நடுத்தெருவுல திங்கிறேன், எல்லாரும் பாருங்க!"

சாத்தியிருந்த கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. நர்ஸ் வந்தால் சாத்திக்கொள்கிற கதவுகள் சண்டைக்கு மட்டும் தாராளமாகத் திறக்கும். வேலுச்சாமி வயலிலிருந்து காளையைப் பிடித்துக்கொண்டு வந்தவன் கயிற்றோடு அப்படியே நின்றுவிட்டான்.

"இப்ப ஒரு வார்த்த சொல்லுங்க அத்த. அன்னைக்குச் சீம்பால ஊட்டுனது யாரு? 'நாந்தான் குடுத்தேன்'னு சத்தமாச் சொல்லுங்க. கன்னு வீசுன மாடுன்னு ஒங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. நான் திருடலன்னு மட்டும் சொல்லுங்க."

மலையம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். தெருவைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "எம் பேரப்புள்ளைக்கு என் கையாலயே அத ஊட்டுனேன்னு, என் வாயாலயே எப்படிடி சொல்லுவேன்?"

அது மருமகளுக்கு மட்டுமே கேட்கிற அளவில் வந்தது. ராஜாத்தியின் கை அவள் தோளைத் தொட எழுந்தது. அடுத்த கணமே கோபம் திரும்பிவந்தது. தன் பிள்ளையும் அதே பிள்ளைதானே, தான் மட்டும் எப்படி இவ்வளவு நாள் அந்தப் பழியைச் சுமந்தோம் என்ற கோபம்.

"எனக்குக் கேட்டுப் பிரயோசனம் இல்ல. எனக்குத்தான் தெரியுமே. தெருவுக்குக் கேக்கணும்."

மலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பால் பொங்கியது. தீ தணியப் பார்த்தது. வேலுச்சாமி காளையை முளையில் கட்டிவிட்டு, கொல்லைக்குப் போய் ஒரு கட்டு விறகு கொண்டுவந்து அடுப்பின் அருகே போட்டான். ஒன்றரை வருடத்தில் அவன் சொன்ன ஒரே பதில் அதுதான். ராஜாத்தி பாலை மறுபடியும் பொங்கவிட்டு இறக்கி, ஆற்றி, தெருவைப் பார்த்துக்கொண்டே குடித்தாள்.

பிள்ளைப்பேறு வரை தினமும் அந்த அடுப்பு வாசலில்தான் எரிந்தது. உத்தமபாளையம் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகையில் பக்கத்துக் கட்டில்காரி எழுந்து உட்கார்ந்தாள். ஊர் இதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தது. நர்சம்மா ராஜாத்திக்கு ரகசியமாக ஏதோ மருந்து கொடுத்தாள், அதனால்தான் குழந்தைக்கு இவ்வளவு பெரிய தொண்டை என்றது. சீம்பாலைப் பற்றி யாரும் பேசவில்லை. திருட்டுக் கதையை வாபஸ் வாங்கிக்கொண்டதாகவும் யாரும் சொல்லவில்லை.

மறு வருடம் வேலுச்சாமி வீட்டு மாடு ஈன்றது. ரோமத்தோடு, காதோடு, தெருவில் துள்ளிக் குதிக்கிற கன்று. ராஜாத்தி இட்லிக் கொப்பரையை மூடிபோட்டு, கத்தி இறங்கத் திணறுகிற வரை வேகவைத்தாள். செருப்புத் தோல்தான். வீட்டுக்கு வீடு கொடுத்தாள். மொக்கம்மாள் வீட்டை மட்டும் தாண்டிப் போனாள்.

வாய்க்கால் படியில் மொக்கம்மாள் பிடித்துக்கொண்டாள். "ஏண்டி, ஊருக்கெல்லாம் சீம்பால் போகுது. என் கிண்ணம் என்னடி ஆச்சு?"

"பத்திரமா இருக்கு பெரியத்த. தேச்சு வெளக்காம அப்படியே வச்சிருக்கேன்."

"எப்பத் தருவ?"

"எங்க அத்த ஒரு வார்த்த பாக்கி வச்சிருக்காக. அது என்னைக்கு இந்தப் படியில சத்தமா வருதோ, அன்னைக்கு நடு ஆடாத சீம்பாலோட ஒங்க கிண்ணம் வரும். அவசரம்னா அவுகளக் கேளுங்க."

பக்கத்துக் கல்லில் மலையம்மாள் பேத்தியின் துணிகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். காது நன்றாகவே கேட்கும் அவளுக்கு. தலை நிமிரவில்லை. கல்லில் அடி மட்டும் ஓங்கி ஓங்கி விழுந்தது.